சோழவந்தான் தோப்பில் மரங்கொத்திக் கூடு: மூன்றாவது பறவை யார்?

தென்கரைத் தோப்பு (மார்ச் 6)

வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தவன், இப்போது ஒரு சந்தேகம் மண்டையைக் குடைவதால் எழுதுகிறேன்.

சோழவந்தான் பக்கம் மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. போன ஐப்பசியில் ஒரு மரத்தில் இடி விழுந்து, மட்டையெல்லாம் கருகிக் கொட்டி, இப்போது மொட்டையாக ஏழு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. வெட்டிவிடலாம் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார், ஆள் வரவில்லை. பிப்ரவரி 11 காலையில் மோட்டார் போடப் போனபோது டொக் டொக் என்று சத்தம். பார்த்தால் பொன்முதுகு மரங்கொத்தி ஜோடி, தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் துளை போட ஆரம்பித்திருந்தது. மரத்தடியில் நார் நாராகச் சிராய் கிடந்ததால்தான் அண்ணாந்தே பார்த்தேன், இல்லையென்றால் எப்போதும்போல எறும்புக்குக் கொத்துகிறது என்று போயிருப்பேன்.

அன்று முதல் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து பார்க்கிறேன். மரத்துக்கும் எனக்கும் 25 மீட்டர் இருக்கும். கையில் 8-க்கு 42 பைனாகுலர், ஒரு பழைய கணக்கு நோட்டு. இரண்டுமே தோண்டின, ஆண் கொஞ்சம் அதிகம். முதல் ஒரு வாரம் வெளியே தொங்கிக்கொண்டு கொத்தியது, அப்புறம் தலை உள்ளே போனது, அப்புறம் தோள், கடைசியில் வால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கட்டத்தில் உள்ளே போய்த் திரும்பி, வாய் நிறையத் தூளை அள்ளி வந்து வாசலில் நின்று தலையை இப்படியும் அப்படியும் உதறும். காற்று அடித்தால் அந்தத் தூள் என் டீயில் விழுந்தது (மிகைப்படுத்தவில்லை, இரண்டு நாள் விழுந்தது).

பிப்ரவரி 26-லிருந்து சத்தம் நின்றுவிட்டது. ஒன்று உள்ளே போனால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் வெளியே வருவதில்லை, பிறகு மற்றது வந்து மாற்றிக்கொள்கிறது. முட்டை வைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஏணி போட்டு எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை. சாயங்காலம் ஆறேகாலுக்குள் ஆண்தான் உள்ளே அடைகிறது, இதுவரை ஒரு நாள்கூடப் பெண் இரவு தங்கியதைப் பார்க்கவில்லை.

இனி சந்தேகம். மார்ச் 2 காலை மூன்றாவதாக ஒரு மரங்கொத்தி வந்தது. அதே இனம்தான், வாலின் நடு இறகு ஒன்று இல்லாததால் எனக்கு அடையாளம் தெரிகிறது. நேராகப் பொந்துக்கு வந்து தலையை விட்டுப் பார்த்தது. ஆண் அடுத்த மரத்தில் இருந்துகொண்டு ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் வந்தது, அப்போது பெண் குதிரை கனைக்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்து துரத்திவிட்டது. நேற்று மறுபடியும். நான்கு நாளில் மூன்று தடவை. இது யார்? கூட இருந்து உதவி செய்கிற பறவையா? மரங்கொத்தியில் அப்படி உண்டா?

நாகமலை நடை (மார்ச் 6)

நெற்றியைப் பார்த்தீர்களா தம்பி? முன்மண்டை சிவப்பா, கருப்பில் வெள்ளைப் புள்ளியா?

தென்கரைத் தோப்பு (மார்ச் 6)

புள்ளிதான் அண்ணே. பின்கொண்டை மட்டும் சிவப்பு. அப்படியென்றால் பெண்தானே?

உசிலம்பட்டி டு கலிபோர்னியா (மார்ச் 7)

உதவிப் பறவைதான் என்று நான் பந்தயம் கட்டுவேன். நான் இருக்கிற இடத்தில் ஓக் மரங்கள் அதிகம், அதில் ஏகோர்ன் மரங்கொத்தி என்று ஒன்று. பத்துப் பன்னிரண்டு பறவை ஒரே குடும்பமாக இருக்கும். ஓக் கொட்டையைச் சேர்த்து வைக்க ஒரு காய்ந்த மரத்தில் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டையைத் திணிக்கும். நம் ஊர்க் குதிர் மாதிரி, ஆனால் ஒரு கொட்டைக்கு ஓர் அறை. கொட்டை காய்ந்து சுருங்கினால் பிடுங்கி, அளவு சரியாக இருக்கிற வேறு துளைக்கு மாற்றும். பரம்பரை பரம்பரையாகப் பயன்படுத்திய பெரிய மரங்களில் 50,000 துளைவரை இருப்பதாகச் சொல்வார்கள். எங்கள் அப்பார்ட்மென்ட் மரச்சுவரையும் விட்டுவைக்கவில்லை, அது தனிக்கதை.

கூட்டம் எப்படி என்றால், அண்ணன் தம்பிகள் இரண்டு மூன்று பேர், வேறு குடும்பத்திலிருந்து வந்த அக்கா தங்கைகள் ஒன்றிரண்டு பேர், எல்லோருக்கும் ஒரே பொந்து. போன வருடங்களில் பிறந்த பிள்ளைகள் வெளியே போகாமல் தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை கொடுக்கும். கேட்கப் பாசமாக இருக்கிறதா, இதையும் கேளுங்கள். அக்கா முட்டை வைத்தால், தங்கை தான் முட்டை வைக்கத் தொடங்கும்வரை அதை வெளியே எடுத்துப்போட்டு உடைக்கும், உடைத்த முட்டையைக் கூட்டமே தின்னும், வைத்தவளும் சேர்ந்து. இருவரும் ஒரே சமயத்தில் வைக்கத் தொடங்கிய பிறகுதான் முட்டை தங்கும்.

அதனால் உங்கள் வாலறுந்தவள் போன வருடத்து மகளாக இருக்கலாம்.

மேலூர் டீச்சர் (மார்ச் 7)

தம்பி, கலிபோர்னியாவைத் தூக்கி வந்து சோழவந்தானில் நடாதீர்கள் :)

முதலில் நெற்றி விஷயம். நம் பொன்முதுகு மரங்கொத்தியில் இளசுகள் பெண்ணைப் போலவே இருக்கும், கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். அதனால் நெற்றியில் புள்ளி இருந்த ஒரே காரணத்துக்காகப் பெண் என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் மார்ச் ஆரம்பத்தில் அந்த அளவுக்கு இளசு எங்கிருந்து வரும் என்பது வேறு கேள்வி. இந்தப் பறவை பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஜூலைக்குள் கூடு வைக்கும், போன வருடம் பிறந்தது இந்நேரம் பெரியதாகியிருக்கும். ஆகவே பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம், மகளா அந்நியமா என்பதை நெற்றி சொல்லாது.

இரண்டாவது, சேர்ந்து வாழ்கிற மரங்கொத்திகள் ஏன் சேர்ந்து வாழ்கின்றன? பாசத்தால் இல்லை. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் தென்கிழக்கில் பைன் காட்டில் இருக்கிற சிவப்புக் காகேட் மரங்கொத்தியைப் பாருங்கள். அது உயிரோடு இருக்கிற பைன் மரத்தில்தான் பொந்து போடும். உயிர் மரம் கடினம், பிசின் வேறு வடியும், ஒரு பொந்தை முடிக்க ஒரு வருடம், பல வருடம்கூட ஆகும். வாசலைச் சுற்றிப் பட்டையைக் கொத்திக்கொண்டே இருக்கும், பிசின் வழிந்து மரமே வெள்ளை பூசியது போல ஆகிவிடும், பாம்பு ஏற முடியாது. இப்படி வருடக்கணக்கில் உழைத்த வீட்டை விட்டுப் பிள்ளை ஏன் வெளியே போகும்? அப்பன் இருக்கிற இடத்தில் தங்கி, தம்பிகளுக்கு ஊட்டி, ஒருநாள் அந்த இடம் தனக்கு வரும் என்று காத்திருக்கும். தங்குவது பெரும்பாலும் மகன்கள், மகள்கள் கிளம்பிவிடும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பறவை இல்லாத காட்டுப் பகுதியில் மனிதர்களே மரத்தில் பொந்து குடைந்து வைத்தார்கள், காத்திருந்த பறவைகள் வந்து குடியேறிப் புதுக் குடும்பம் தொடங்கிவிட்டன. அதாவது வீடு கிடைக்காததால்தான் வீட்டோடு இருந்திருக்கின்றன. 1989-ல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் காட்டைப் புரட்டிப்போட்டுப் பொந்து மரங்களில் பெரும்பகுதி சாய்ந்தபோது, மிச்சமிருந்த பறவைகளைக் காப்பாற்றியதும் இந்தச் செயற்கைப் பொந்துகள்தான்.

இப்போது உங்கள் தோப்புக்கு வாருங்கள். செத்த தென்னை. உள்ளே சோறு பஞ்சு மாதிரி. இரண்டு வாரத்தில் வீடு தயார் என்று நீங்களே நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு மலிவாக வீடு கிடைக்கிற ஊரில் மகள் ஏன் அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்?

உசிலம்பட்டி டு கலிபோர்னியா (மார்ச் 7)

டீச்சர், பந்தயத்தில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வாடிப்பட்டி விவசாயி (மார்ச் 8)

எல்லாம் சரி, இது தென்னைக்குக் கெடுதல் இல்லையா? எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் மரங்கொத்தியைக் கண்டால் கவணை எடுக்கிறார். மரத்தையே ஓட்டை போட்டுக் கொன்றுவிடுமாம்.

நாகமலை நடை (மார்ச் 8)

அண்ணே, இதில் காரணமும் விளைவும் தலைகீழாகிவிடுகிறது. நல்ல தென்னையில் கொத்துவது மேலோட்டமாக எறும்பையும் பூச்சியையும் தேடித்தான். பொந்து போடுவது செத்த மரத்தில், இல்லையென்றால் உள்ளே உளுத்த இடத்தில். சிவப்புக் கூன்வண்டு உள்ளே புகுந்து தின்றிருந்தால் அந்த மரம் ஏற்கெனவே போய்விட்டது, மரங்கொத்தி அங்கே புழு எடுக்கத்தான் வருகிறது. வெளியே தெரிகிற ஓட்டைக்குப் பழி அதன் தலையில். கவண் அடிக்கிறவரிடம் சண்டை போடாதீர்கள், அந்த மரத்தடியில் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், புழு கறுக் கறுக் என்று மெல்லுகிற சத்தம் கேட்கும். அப்புறம் அவரே மருந்து வாங்கக் கிளம்புவார்.

எங்கள் அப்பத்தா இதைத் தச்சன் குருவி என்றுதான் சொல்லும். தச்சனைக் கல்லால் அடிப்பார்களா?

ஒத்தக்கடைப் பையன் (மார்ச் 8)

இவ்வளவு கொத்தினால் தலை வலிக்காதா? மண்டைக்குள் ஸ்பிரிங் இருக்கிறது என்று யூடியூபில் பார்த்தேன்.

மேலூர் டீச்சர் (மார்ச் 8)

ஸ்பிரிங் எல்லாம் இல்லை கண்ணா. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மூன்று இன மரங்கொத்திகளை அதிவேக வீடியோ எடுத்து, 2022-ல் முடிவைச் சொன்னார்கள். மண்டை ஓடு அதிர்ச்சியை உறிஞ்சுவதில்லை, சுத்தியல் போல விறைப்பாகவே வேலை செய்கிறது. உறிஞ்சினால் கொத்துகிற பலம் வீணாகிவிடுமே. மூளை ரொம்பச் சின்னது என்பதால் அந்த வேகத்தில் அதற்குச் சேதமில்லை. சரி, இழை வேறு பக்கம் போகிறது.

சிறுமலை ஏறி (மார்ச் 9)

இன்னும் கொஞ்சம் வேறு பக்கம் இழுத்துவிட்டுப் போகிறேன், மன்னிக்கவும். பொந்து மரத்தில்தான் என்று பேசுகிறீர்களே, மலைப்பக்கம் செம்பழுப்பு மரங்கொத்தி என்று ஒன்று எறும்புக் கூட்டுக்குள் முட்டை வைக்கும். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுமே ஒரு எறும்பு, அது கிளையில் மென்று துப்பிய நாரை வைத்துப் பந்து மாதிரி கட்டுகிற கூடு. எறும்பு உள்ளே குடியிருக்கும்போதே அதைக் குடைந்து முட்டை வைத்துக் குஞ்சும் பொரிக்கும். அதே எறும்பைத் தின்பதும் அதுதான். நான் ஒரு தடவை அப்படிப்பட்ட கிளைக்குக் கீழே தெரியாமல் நின்று சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடியவன். பறவை எப்படித் தாங்குகிறது என்பது இன்றுவரை ஆச்சரியம்.

தென்கரைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த வாலறுந்த பறவை எங்கிருந்து வருகிறது என்பதைவிட எங்கே போகிறது என்று பாருங்கள். குறிப்பாகச் சாயங்காலம். மரங்கொத்தி ராத்திரி பொந்தில் அடைகிற பறவை, தனக்கென்று ஓர் இடம் வைத்திருக்கும்.

தென்கரைத் தோப்பு (மார்ச் 14)

தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் காய் வெட்டு.

மார்ச் 10 முதல் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். வருகை திடீரென்று அதிகமாகிவிட்டது, ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து தடவை. அடைகாப்பு 11 நாள் அளவு என்று படித்தேன், என் கணக்கில் 12 வருகிறது, முதல் முட்டை என்றைக்கு என்று தெரியாததால் ஒரு நாள் முன்பின் இருக்கும். அலகில் இரை எதுவும் தெரிவதில்லை, வெறும் வாயோடு வருகிற மாதிரி வந்து, தலையை உள்ளே விட்டு நாலைந்து முறை குலுக்கிவிட்டுப் போகிறது.

அப்புறம் நேற்று நடந்ததுதான் பெரிய விஷயம். பத்தரை மணி இருக்கும், மரத்தில் ஒரு கோடு நெளிகிறது. பார்த்தால் கொம்பேறி மூக்கன். கீழேயிருந்து பாதி மரம் ஏறிவிட்டது. பெண் முதலில் பார்த்தது. அது போட்ட சத்தத்தில் ஆண் வந்தது, இரண்டு அணில் வந்து கத்தின, கரிச்சான் ஒன்று, எங்கிருந்தோ தவிட்டுக் குருவிக் கூட்டமே வந்துவிட்டது. கூடவே வாலறுந்தவளும்! அவளும் அதே மரத்தில் தொங்கிக்கொண்டு இறக்கையை விரித்துக் கத்தினாள். ஆண் இரண்டு முறை பாம்பின் மேலேயே பாய்ந்து கொத்தியது. கால் மணி நேரத்தில் பாம்பு பாதியிலேயே பக்கத்து மட்டைக்குத் தாவிப் போய்விட்டது. போன பிறகு பெண் செய்த முதல் காரியம், வாலறுந்தவளைத் துரத்தியது. கொஞ்சம் நன்றியாவது வேண்டாமா என்று எனக்கே தோன்றியது.

டீச்சர், உதவிக்குத்தானே வந்தாள்?

மேலூர் டீச்சர் (மார்ச் 14)

தவிட்டுக் குருவியும்தான் வந்தது, அதற்காக அது உங்கள் குஞ்சுக்குச் சித்தியா? பாம்பைக் கண்டால் அக்கம்பக்கம் எல்லாமே சேர்ந்து கத்தும், அது அவரவர் பயம். உதவிப் பறவை என்று எழுத வேண்டுமானால் அவள் இரை கொண்டுவந்து குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும், அல்லது அடையில் உட்கார வேண்டும். உங்கள் நோட்டில் அப்படி ஒரு வரியாவது இருக்கிறதா?

தென்கரைத் தோப்பு (மார்ச் 14)

இல்லை.

தென்கரைத் தோப்பு (மார்ச் 19)

சிறுமலை அண்ணன் சொன்னபடி மூன்று சாயங்காலம் பின்னாலேயே போனேன். முதல் நாள் வாழைக்குள் போய்த் தொலைந்தாள். இரண்டாம் நாள் வாய்க்கால்வரை போய், அங்கே சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. நேற்று கிடைத்துவிட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எங்கள் மரத்திலிருந்து 300 மீட்டர் இருக்கும், பட்டுப்போன கல்யாண முருங்கையில் ஒரு பொந்து. அவள் அதற்கு மேலே வந்து ஒட்டிக்கொண்டாள், உள்ளேயிருந்து ஓர் ஆண் தலையை நீட்டியது, அவள் அடுத்த மரத்தில் இருந்த ஒரு பழைய துளைக்குள் அடைந்துவிட்டாள். வால் இறகைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன், அவளேதான்.

ஆக, பக்கத்து வீட்டுக்காரி.

சிறுமலை ஏறி (மார்ச் 19)

அருமை! அப்படியென்றால் பொந்தை எட்டிப் பார்த்தது வேவுதான். அவர்களும் அந்தச் சமயம் கூடு தேடிக்கொண்டோ தோண்டிக்கொண்டோ இருந்திருப்பார்கள். பெண் துரத்தியதற்கும் ஆண் சும்மா இருந்ததற்கும் இப்போது ஓரளவு அர்த்தம் வருகிறது, மரங்கொத்திகளில் அந்நியப் பெண்ணைப் பெண்ணும் அந்நிய ஆணை ஆணும் துரத்துவதுதான் அதிகம்.

உசிலம்பட்டி டு கலிபோர்னியா (மார்ச் 20)

பந்தயத்தின் மீதிப் பாதியும் போச்சு. ஊருக்கு வரும்போது ஜிகர்தண்டா என் செலவு.

தென்கரைத் தோப்பு (ஏப்ரல் 2)

மார்ச் 31 காலை ஏழரைக்கு முதல் குஞ்சு வெளியே வந்தது, நேற்று இரண்டாவது. கடைசி நான்கு நாள் வாசலிலேயே தலையை நீட்டிக்கொண்டு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. பெற்றோர் வருகை குறைந்துவிட்டது, இரையோடு வந்தாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. முதல் பறப்பு பறப்பே இல்லை, அடுத்த மரத்தின் பாதியில் போய் மோதி ஒட்டிக்கொண்டது.

இப்போது நான்கும் சேர்ந்து சுற்றுகின்றன, இன்று காலை கரிச்சான், தவிட்டுக் குருவியோடு கலந்து போனதைப் பார்த்தேன். முதல் நாளிலிருந்து பார்க்காமல் இன்று மட்டும் பார்த்திருந்தால் நிச்சயம் 'மரங்கொத்திக் கூட்டம்' என்று எழுதியிருப்பேன்.

மேலூர் டீச்சர் (ஏப்ரல் 2)

அந்தக் குடும்பம் எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள் தம்பி, பலரும் குஞ்சு பறந்ததோடு நோட்டை மூடிவிடுகிறார்கள். மரத்தை வெட்டப் போகிறாரா மாமா?

தென்கரைத் தோப்பு (ஏப்ரல் 3)

இப்போதைக்கு இல்லை. நேற்று மத்தியானமே இரண்டு மைனா வந்து எட்டிப் பார்த்தது, சாயங்காலம் ஒரு பச்சைக்கிளி வாசலைக் கடித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சண்டை. மாமா கட்டிலை மோட்டார் ரூம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார், மைனா ஜெயிக்கும் என்கிறார்.

நாகமலை நடை (ஏப்ரல் 3)

கிளிதான். ஒரு நாள் வந்து பார்க்கலாமா தம்பி?

தென்கரைத் தோப்பு (ஏப்ரல் 3)

வாங்க அண்ணே, காலை ஆறரைக்குள் வந்துவிடுங்கள். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு நாள் முழுக்க மோட்டார் ஓடும், ஒரு சத்தமும் கேட்காது. தோப்பு எங்கே என்று இங்கே போடவில்லை, தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.